கேட்பாரற்றுக் கிடந்த நாவலும் ரிக்கார்டு சாமியும்

திருவனந்தபுரத்தில் இருக்கிற வஸ்துக்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம்: ரிக்கார்டு சாமி ஃபைல் போட்டவை, இன்னும் போடாதவை. பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்துக்கும் ஒரு ஃபைல் திறந்து, 'பார்த்தேன், திருப்தி' என்று எழுதி மூடிவிட்டார் என்று எங்கள் ஆபீஸில் ஒரு கட்சி உண்டு. திருப்தி என்கிற வார்த்தையைச் சாமி எழுதியிருக்கவே மாட்டார் என்பது எதிர்க்கட்சி.

கோட்டைக்கு அந்தப் பக்கம் மகாராஜா சர்க்காரின் ஆபீஸ் ஒன்று. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். நான் இன்னும் அங்கேதான் குப்பை கொட்டுகிறேன். எங்கள் ஹெட்கிளார்க்குக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்கிற ஒரே தைரியத்தில் இதை எழுதுகிறேன். அந்த ஆபீஸின் பின்கட்டில், ஓலைச் சுருள்களுக்கும் காகிதக் கட்டுகளுக்கும் நடுவே, நாற்பத்தைந்து வயதுப் பிரம்மசாரியாக வாழ்ந்து வந்தவர் ரிக்கார்டு சாமி. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

ஆரியசாலையில் அப்பாவின் மண்டியில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு, நான் குமஸ்தாவாகச் சேர்ந்த முதல் நாள். தாகம். பின்கட்டில் எட்டிப் பார்த்தேன்.

"சாமி, குடிக்கத் தண்ணி எங்கே இருக்கு?"

"எழுதிக் குடுடா."

"தண்ணிக்கா?"

"பின்னே? நாளைக்கு நீ கேக்கவே இல்லேன்னு சொன்னா நான் எங்கே போய் நிக்கறது?"

எழுதிக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஒரு முறை, இறக்கி ஒரு முறை பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"தேதி இல்லே."

இன்னொன்று சொல்கிறேன். ஒரு முறை சாமிக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. வேறு யாராக இருந்தாலும் கிராம்பைக் கடித்துக்கொண்டு முனகுவார்கள். சாமி ஃபைல் திறந்தார். 'வலது கீழ்க் கடைவாய்ப் பல்: வலி சம்பந்தமாக.' முதல் நாள் குறிப்பு, 'வலி உண்டு'. இரண்டாம் நாள், 'மேற்படி'. ஏழாம் நாள் பல்லைப் பிடுங்கி, காகிதத்தில் பொதிந்து, 'இணைப்பு ஒன்று' என்று எழுதி, சிவப்பு நாடா கட்டி அலமாரியில் வைத்துவிட்டார். இன்றைக்குக் கேட்டாலும் இரண்டு நிமிஷத்தில் எடுத்துக் காட்டுவார். எனக்குக் காட்டினார். நல்ல பல்.

இப்படிப்பட்ட மனுஷரிடம் நம்பரே இல்லாத ஃபைல் ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரிய வந்ததுதான் வினை.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பகல். பழைய காகிதம் ஒன்றைத் தேடிப் போன நான் பின்கட்டிலேயே மாட்டிக்கொண்டேன். முன்கட்டில் டைப்பிஸ்ட் அம்மாளின் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாகர்கோவில் பக்கத்துப் புராட்டஸ்டண்டு அம்மாள், முப்பத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. கொண்டை ஊசியால் டைப் எழுத்துகளில் அடைத்த மையைக் கிண்டி எடுத்துக்கொண்டே, ஞானப்பாட்டு ஒன்றை வாய்க்குள் முனகுகிற வழக்கம் அவருக்கு. சத்தம் நின்றது. சாமி காதைத் தீட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுபடி தொடங்கிய பிறகுதான் மூச்சு விட்டார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் முகம் என்னமோ ஆகிவிட்டது. பிறகு அலமாரிக்குப் பின்னாலிருந்து அந்த ஃபைலை எடுத்தார்.

"ரகசியம், கேட்டோ?"

"ஜன்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டேன், சாமி."

உள்ளே பதினோரு வருஷக் கடிதங்கள். அத்தனையும் டைப்பிஸ்ட் அம்மாளுக்கு. ஒன்றுகூடப் போகவில்லை. ஏனென்றால் சாமி ஒவ்வொன்றையும் வரைவாக எழுதி, தன்னுடைய மேலதிகாரிக்கு அனுமதிக்கு வைத்திருந்தார். மேலதிகாரியும் அவரேதான். ஓரத்தில் சிவப்பு மையில் உத்தரவுகள்: 'அவசரமில்லை.' 'ஆறு மாதம் கழித்து வைக்கவும்.' 'சொற்கள் சற்று அதிகம்.' ஒரு கடிதம் இப்படி: 'இன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தங்கள் மிஷின் சத்தம் சிறிது நேரம் நின்றது. ரிப்பன் தீர்ந்ததா, தலைவலியா என்று விளங்கவில்லை. தயவுசெய்து தெரிவிக்கவும்.' மேலதிகாரி அதன்மேல் எழுதியிருந்தார்: 'அதற்குள் மிஷின் ஓடத் தொடங்கிவிட்டதால் கடிதம் தேவையில்லை.'

நான் வாக்குத் தவறவில்லை. வாயால் ஒருவரிடமும் சொல்லவில்லை. நாவலாக எழுதினேன்.

எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. ஏதாவது எழுதிக் கிழிக்காவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்த காலம். 'நாடா அவிழ்ந்தது' என்று பெயர் வைத்து, 'கோட்டைக் குயில்' என்று பெண்பிள்ளைப் புனைபெயர் போட்டு, சாலைக் கடைத்தெருவில் ஒரு சின்ன அச்சகத்தில் அடித்துவிட்டேன். சாமியைச் சுருள்முடி வாலிபனாக்கினேன். அம்மாளைப் பத்தொன்பது வயதுப் பேரழகி ஆக்கினேன். ரகசியக் கடிதக்கட்டு தவறுதலாக ஆபீஸ் முழுக்கச் சுற்றி, எல்லார் காதலும் அம்பலமாகி, கடைசியில் மேளதாளம். ஒன்பதாம் அத்தியாயத்தில் மட்டும் மெனக்கெடவில்லை. சாமியின் கடிதங்களை அப்படியே இறக்கினேன். அதைவிட நன்றாக எனக்கு எழுத வரவில்லை. கதாநாயகிக்குக் கொண்டை ஊசியையும் ஞானப்பாட்டையும் கொடுத்ததும் நான்தான்.

அச்சாகி வந்த புத்தகத்தை நாலு பேர் படித்துச் சிரிக்கிறதைக் காணாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பிரதியை ஆபீஸ் சாப்பாட்டு அறை பெஞ்சில் 'மறந்து' வைத்துவிட்டு வந்தேன்.

அதை முதலில் கண்டவர் சாமி! பிறத்தியார் பொருள் என்பதால் அட்டையைக்கூடத் திறக்கவில்லை. நேரே கொண்டுபோய், 'சாப்பாட்டு அறையில் கேட்பாரற்றுக் கிடந்த புத்தகம் சம்பந்தமாக' என்று ஃபைல் போட்டு, புத்தகத்தை உள்ளே வைத்துக் கட்டி, 'உரியவர் பெற்றுக்கொண்டு குறிப்பெழுதவும்' என்று பிரிவு பிரிவாகச் சுற்றுக்கு விட்டுவிட்டார். எங்கள் ஆபீஸ் முறைப்படி ஒரு ஃபைல் எல்லா மேஜையும் ஏறி இறங்கிய பிறகுதான் ரிக்கார்டு அறைக்குப் போகும். அதாவது, ஆபீஸ் முழுவதும் படித்து முடித்த பிறகு, கடைசி ஆளாகச் சாமி படிப்பார்.

உரிமை கோர ஒருவரும் வரவில்லை. அபிப்பிராயம் மட்டும் குவிந்தது.

ஆங்கிலப் பிரிவு: 'என்னுடையது அல்ல. ஐந்தாம் அத்தியாயம் வரை படித்தேன். கதாநாயகன் மூன்று வாரமாக ஒரு தபாலுக்கும் பதில் போடவில்லை. இவனுக்கு மெமோ கொடுக்க ஆளில்லையா?'

நிலப் பிரிவு: 'என்னுடையதும் அல்ல. கதாநாயகி வீடு கரமனை ஆற்றுக்கு ஓரிடத்தில் வடக்கேயும் ஓரிடத்தில் தெற்கேயும் வருகிறது. வரைபடம் இணைக்கவும்.'

பென்ஷனுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர்: 'என் சர்வீஸில் கடைசிப் பக்கம் வரை படித்த ஃபைல் இது ஒன்றுதான்.'

சாப்பாட்டு வேளையில் ஒருவர் உரக்கப் படிக்க, மலையாளத்துக்காரர்கள் அர்த்தம் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அதைக் காதில் வாங்கிய ஹெட்கிளார்க் மலையாளத்தில் எழுதினார்: 'கேட்டேன். கதாநாயகியிடம் விளக்கம் கேட்கவும்.'

என் மேஜைக்கும் வந்தது. நான் எழுதியதைச் சொல்லக் கூசுகிறது. 'என்னுடையது அல்ல. நடை அபாரம்.'

அந்த இறுமாப்பு இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் தபால் பிரிவில் ஒருவன் கொண்டை ஊசியைக் கண்டுபிடித்துவிட்டான்.

"எடா, இது நம்ம டைப்பிஸ்டல்லே!"

அவ்வளவுதான். அம்மாள் வராந்தாவில் நடந்தால் நாலு மேஜையிலிருந்து ஞானப்பாட்டு முனகல். காதலன் யார் என்று தினம் ஒரு பெயர் அடிபட்டது. ஒரு நாள் ஹெட்கிளார்க் பெயரே அடிபட்டு, அவர் வீட்டம்மாள் பகல் சாப்பாட்டைத் தாமே நேரில் கொண்டுவந்து, டைப் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனார். டைப்பிஸ்ட் அம்மாள் முனகுவதை நிறுத்திவிட்டார். பிறகு ஊசியால் கிண்டுவதையும் நிறுத்தினார். மை அடைத்து எல்லா எழுத்தும் குருடாக விழுந்தது. அந்தக் குருட்டு எழுத்திலேயே நாகர்கோவிலுக்கு மாற்றம் கேட்டு ஒரு மனு அடித்துக் கொடுத்தார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நான் செய்தது என்ன? உண்மையைச் சொன்னேனா? இல்லை, ஃபைலைத் தொலைக்கப் பார்த்தேன். ஒரு மரப்பெட்டிக்கு அடியில் ஒளித்தேன். மறுநாள் பெருக்க வந்தவள் சாமியின் முத்திரையைப் பார்த்துப் பயந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். வெளியூர்த் தபால் பையில் திணித்து பத்மநாபபுரம் ஆபீஸுக்கு அனுப்பினேன். நாலாம் நாள் திரும்பி வந்தது, குறிப்போடு: 'இங்கும் உரிமையாளர் இல்லை. இரண்டாம் பாகம் இருந்தால் அனுப்பவும்.'

கடைசியில் ஃபைல் பின்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கதவிடுக்கில் பார்த்தேன். சாமி முதலில் குறிப்புகளைப் படித்தார். பிறகு, முதல் தடவையாக, புத்தகத்தைத் திறந்தார். ஒன்பதாம் அத்தியாயம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். அந்தக் கடிதங்களைப் பார்த்தவன் உலகத்தில் ஒருத்தன்தான் என்று அவருக்குத் தெரியாதா? சாயங்காலம் படியில் எதிர்ப்பட்டபோது என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"மழை வரும்போல இருக்கு. குடை இருக்கோடா உங்கிட்டே?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை, அந்த ஆபீஸில் அதுவரை நடக்காத ஒன்று நடந்தது. ரிக்கார்டு அறைக்குப் போன ஃபைல் திரும்பி வெளியே வந்தது. எல்லாப் பிரிவுக்கும். கடைசித் தாளில் சாமியின் கையெழுத்து:

'1. புத்தகத்துக்கு உரியவர் தெரியவில்லை.
2. எழுதியவர் யாரென்றும் தெரியவில்லை.
3. ஒன்பதாம் அத்தியாயத்துக் கடிதங்கள் கீழே ஒப்பமிட்டவன் எழுதியவை. பதினோரு வருஷமாக அனுப்பப்படவில்லை. டைப்பிஸ்ட் அம்மாளுக்கு இதுபற்றி ஒன்றும் தெரியாது. அவரைப் பார்த்துப் பாடுகிறவர்கள் இனிமேல் என்னைப் பார்த்துப் பாடலாம்.
4. முடிக்கப்பட்டது.'

இரண்டாவது வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பல்லுக்குக்கூடப் பொய் எழுதாத கை அது.

பாடத்தான் பாடினார்கள். ஒரு வாரம், விதவிதமாக. சாமி அதற்கு மட்டும் ஃபைல் போடவில்லை.

டைப் அறைக்கு ஃபைல் போன அன்று அம்மாள் எழுந்தார். எல்லார் கண்ணும் பார்த்திருக்க, வராந்தா நெடுக நடந்து ரிக்கார்டு அறை வாசலில் நின்றார்.

"சாமி, எனக்குள்ள தபாலு கொஞ்சம் இங்க கெடக்காமே?"

சாமி எழுந்து நின்றார். "அது... இன்னும் உத்தரவு ஆகலே."

"யாரு உத்தரவு போடணும்?"

"நான்தான்."

"அப்போ போடுங்க. நான் நிக்கேன்."

சாமி உட்கார்ந்தார். நம்பரில்லாத அந்தக் கட்டைப் பிரித்து, பதினோரு வருஷத்துக்கும் ஒவ்வொன்றாக 'அனுப்பலாம்' என்று எழுதி ஒப்பம் போட்டார். மை இரண்டு இடத்தில் சிந்தியது. அம்மாள் அவசரப்படுத்தவில்லை. கட்டை வாங்கிப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

"இதுல ஒண்ணாவது முந்தியே அனுப்பியிருக்கப்பிடாதா, சாமி?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். மாற்ற உத்தரவு அதற்குள் வந்துவிட்டிருந்தது. வேண்டிப் பெற்ற மாற்றத்தை ரத்து செய்ய வழியில்லையாம். சனிக்கிழமை நாகர்கோவில் போய்விட்டார். முன்கட்டில் புது டைப்பிஸ்ட். மிஷின் நிற்காமல் ஓடியது. சாமி காது கொடுக்கவில்லை.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு மத்தியானம் பின்கட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

"சாமி, அந்தப் புத்தகம்..."

"வாயை மூடுடா."

"இல்லே சாமி, நான் சொல்லியே ஆகணும்..."

"சொல்லாதே! சொன்னா நான் எழுதணும். எழுதினா உனக்குச் சோறு போயிடும்." சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, மோர்ச்சாதத்தில் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். "எளைச்சுப் போயிட்டே. சாப்பிடு."

அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவர் ஒரு ஓலைச் சுருளைப் புரட்டுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது மாதம் நாகர்கோவிலிலிருந்து சாமிக்கு ஒரு கடிதம் வந்தது. டைப் அடித்தது இல்லை, கையால் எழுதியது. என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. சர்வீஸில் லீவே எடுத்தறியாத மனுஷர் அந்த வாரம் ஒரு நாள் லீவு போட்டார். அதன் பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை, சலவை வேஷ்டி கட்டிக்கொண்டு, கிழக்கேகோட்டையில் நாகர்கோவில் பஸ் ஏறுகிறார். சாயங்காலமே திரும்பிவிடுகிறார். போகிற வழியில் அவருக்குக் குமட்டும், காற்று வேண்டும். பஸ்ஸிலோ ஏறமுடியாத கூட்டம்.

ஆகவே அந்தச் சனிக்கிழமைகளில் நான் விடிந்ததுமே போய், ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்கிறேன். சாமி வந்ததும் எழுந்து கொடுக்கிறேன்.