ஐந்து மண்ணாங்கட்டிகள்

கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்த தாளில் ஒரே ஓர் அடித்தல்தான். அது சரியாகச் சக்கரபாணியின் அப்பா பெயர்மேல் விழுந்திருந்தது.

"காலஞ்சென்ற திரு. மண்ணாங்கட்டி அவர்களின் பேத்தியும்" என்று மூன்று நாள் யோசித்து அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். திண்டிவனத்துச் சம்பந்தியம்மா வீரம்மாள், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, அந்தப் பெயரை மட்டும் பென்சிலால் அடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"அடிச்சா அடிச்சுட்டுப் போறாங்க, வுடுங்க. எம்-னு ஒரு எழுத்து போட்டா ஆச்சு" என்றாள் மனைவி கிருஷ்ணவேணி.

"எங்கப்பன் என்ன ஒத்த எழுத்தா? அவருக்கு முன்னாடி பொறந்த நாலும் தக்காம பூட்டுது. இதையாவது எமன் கண்ணு வெக்காம இருக்கட்டும்னு வெச்ச பேருடி அது. எண்பத்து நாலு வயசு வரைக்கும் கல்லாட்டம் இருந்தாரு. அந்தப் பேர அடிச்சுட்டு இந்தக் கல்யாணம் நடக்கணுமா?"

"ஏங்க, பேருக்காகப் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்றாதீங்க" என்று அவள் கண்ணைக் கசக்கினாள். உள்ளே கல்யாணப் பெண் அம்சவள்ளி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆனாலும் விழுப்புரம் ரயில்வே பார்சல் ஆபீசில் இருபத்தாறு வருஷம் யாருக்கும் வளையாத மனுஷன் அவர். சட்டையை மாட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினார்.

வீரம்மாளுக்கு அங்கே மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். புருஷன் போன பிறகு தனியாளாக நடத்திவருகிறார். வாசல் பலகையில் 'பெரியவர் துணை' என்று மட்டும் எழுதியிருக்கும். உள்ளே மாலை போட்ட மீசைக்காரர் படம் ஒன்று தொங்கும். சக்கரபாணி நுழைந்தபோது, அந்த அம்மாள் யாரோ ஒரு குடியானவரைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது? மூட்டையில காய் பாதி, இந்த உருண்டை பாதின்னு கலந்து எடுத்தாந்துக்கிற?"

"இன்னா உருண்டைங்க?"

"அதான்யா, ஏர் ஓட்டினா பொரண்டு வருமே, அது!"

அடேயப்பா, வயல் மண்ணுக்குக்கூட அந்தச் சொல்லைச் சொல்ல இவங்க வாய் கூசுதா! சக்கரபாணிக்குச் சுருக்கென்றது. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சம்பந்தியம்மா, மண்ணாங்கட்டிங்கற பேருல என்ன கொறை?"

வீரம்மாள் சடாரென்று எழுந்தார். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.

"அண்ணே, பத்திரிகைய நாலு வீட்டுல நானே படிச்சுச் சொல்லி அழைக்கணும். அந்தப் பேரு என் வாயால வராது. உங்களுக்குத் தெரியாததா?"

"ஏன் வராது? மண்ணாங்கட்டின்னு பேரு வெச்சவங்க எத்தனை பெரிய மனுஷங்க இருக்காங்க தெரியுமா?"

அதற்குமேல் நிற்காமல் அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். மண்டியே வேடிக்கை பார்த்தது. வெள்ளிக்கிழமை அத்தனை பேரையும் நேரிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று சக்கரபாணி படத்திலிருந்த மீசைக்காரரிடம் சவால் விட்டுவிட்டு வந்தார்.

பெரிய மனுஷர்களைத் தேடிப் போனபிறகுதான் பேஜாரு புரிந்தது. விழுப்புரத்தில் ஒரு டாக்டர் இருந்தார். கூடப் படித்தவர், அசல் மண்ணாங்கட்டி. இப்போது போர்டில் டாக்டர் மதிவாணன்!

"கெஜட்டுல மாத்திக்கினேன்பா. பேஷண்ட்டுங்க முன்னாடி அந்தப் பேர எடுத்தே, ஊசிய மாத்திப் போட்டுருவேன்" என்றார்.

ஒரு வக்கீல், நோட்டீஸ் அனுப்புவதாக மிரட்டினார். சக்கரபாணிக்கு ரோஷம் தலைக்கேறியது. லீவு போட்டார். பனமலைப் பக்கம் பழைய பஞ்சாயத்துத் தலைவர் ஒருவர் அகப்பட்டார், பெயரில் ஒரு எழுத்தும் குறையாதவர். மயிலத்தில் ஒரு தவில் வித்வான். திருவக்கரையில் ஒரு சிலம்ப வாத்தியார். செஞ்சி ரோட்டில் எலும்பு கட்டுகிற வைத்தியர். ஐந்தாவதாக, கல்யாணங்களுக்கு பாண்டு வாசிக்கும் கோஷ்டியின் மாஸ்டர் பீட்டர் மண்ணாங்கட்டி.

"எங்க வூட்டுல எல்லாருக்கும் பின்னாடி அதாங்க வரும். என் பொண்ணு மேரி மண்ணாங்கட்டி" என்று அவர் பெருமையாகச் சொன்னபோது, சக்கரபாணி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஐவரும் மண்டி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வீரம்மாள் எல்லாருக்கும் மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு எதிரில் நாற்காலியில் அமர்ந்தார்.

"வணக்கம்மா. பன்னெண்டு வருஷம் தலைவரா இருந்தேன். பேரு மண்ணாங்கட்டி."

வீரம்மாள் எழுந்து நின்றார். சக்கரபாணி பதறி, "உக்காருங்க சம்பந்தி, உக்காருங்க" என்றார். அவர் உட்கார்ந்தார்.

"தவிலு மண்ணாங்கட்டிங்க."

எழுந்தார். கெஞ்சி உட்காரவைத்தார்கள்.

"சிலம்பம் மண்ணாங்கட்டி!" வாத்தியாருக்குக் கோயில் மணிக் குரல். இந்த முறை அந்த அம்மாள் துள்ளியே எழுந்தார். அப்புறம் உட்காரவேயில்லை. எலும்பு வைத்தியர், "இடுப்புல ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுத் தன் பெயரையும் சொல்லிவைத்தார்.

கூட வந்திருந்த கிருஷ்ணவேணி, "போதுங்க, ஜல்தி கெளம்பலாம். அவங்க மூஞ்சியே செவந்துபோச்சு" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். பீட்டர் விடுவாரா? தன் மூன்று பிள்ளைகள் பெயரையும் முழுசாகச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் வீரம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். போய்த் தொலையுங்கள் என்று கும்பிடுகிறார் என்றே சக்கரபாணி எடுத்துக்கொண்டார்.

பெண் வாழ்க்கை ஒரு பக்கம், பெற்றவர் பெயர் ஒரு பக்கம். இரண்டையும் விடமுடியாத கோபத்தில் கத்திவிட்டார்.

"இவ்ளோ பெரிய மனுஷங்க வந்தும் உங்களுக்கு எங்கப்பன் பேரு எளக்காரமாத்தான் தெரியுதுன்னா, இந்தக் கல்யாணமே வேணாங்க! மண்ணாங்கட்டி பேத்திக்கு வேற மாப்பிள்ள கெடைப்பான். வாயத் தொறந்து ஒரு வார்த்த பதில் சொல்லுங்க!"

வீரம்மாள் வாயைத் திறந்தார். சட்டென்று கையால் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கட்டியது. சுவரில் இருந்த மீசைக்காரர் படத்தைக் கையால் காட்டினார். மறுபடியும் காட்டினார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

மூலையில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்த மண்டி ஆள் தேவநாதன், தலைத் துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு எழுந்து வந்தான்.

"எங்க பெரியவரு பேரும் அதாங்க. மாமனாரு பேரு வாயில வரக்கூடாது, காதுல வுழுந்தா எங்கம்மா உக்காரவும் கூடாது. நீங்க இன்னாடான்னா அஞ்சு மாமனார இட்டாந்து வெச்சுக்கினு உக்காரு, பதில் சொல்லுன்னா, பாவம், அவங்க இன்னாதாங்க பண்ணுவாங்க?"