சங்ககிரிக்கு ஒரு கடல்

"உப்புத் தண்ணிதான கேட்ட? ரொப்பிப்போட்டேன்."

"எந்த உப்புத் தண்ணிம்மா?"

"நம்மூட்டுல எத்தன உப்புத் தண்ணி ஓடுது? மோட்டாரு போட்டா போருல வருமே, அதேதான். நீ அலுத்துப்போயி வருவியேன்னு நானே ஓஸப் போட்டு ரொப்பிட்டேன், சாமி."

இளஞ்செழியன் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தான். அவன் ஆசை ஆசையாய்ச் செய்து வாங்கிய கண்ணாடித் தொட்டி கூடத்துச் சுவரோரம் விளிம்பு வரை நிறைந்து நின்றது. சங்ககிரியில் குடிக்கிற காவிரித் தண்ணீர் நல்ல தண்ணி. பாத்திரம் கழுவுகிற போர் தண்ணீர் உப்புத் தண்ணி. மூன்றாவதாகக் கடல் என்று ஒன்று இந்த ஊர்ப் பேச்சுக்கு அதுவரை தேவைப்பட்டதில்லை. அம்மா கண்ணாத்தாளைக் குறை சொல்ல வழியே இல்லை.

"கடல் மீன் வளக்கப் போறேன்னு சொன்னேனேம்மா."

"கடலும் உப்பு, இதும் உப்பு. மீனுக்கென்ன தெரியவா போவுது?"

சூரமங்கலத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் நந்தகுமாரைப் போனில் பிடித்தான். தொட்டி விஷயத்தில் அவர்தான் அவனுக்குக் குரு.

"போர் தண்ணியா? மொத்தத்தையும் எறச்சுக் கொட்டுங்கண்ணா. பாசி புடிச்சுப் பச்சக் கொளமாயிடும். ஃபில்டர் தண்ணியில நான் குடுத்த உப்பக் கரைச்சு ஊத்தணும். அவசரப்படாதீங்க."

அவசரப்படாமல் எப்படி இருப்பது? மனைவி தனப்பிரியா பிரசவத்துக்காகத் தூத்துக்குடியில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். குழந்தையோடு அவள் திரும்பி வாசலில் கால் வைக்கும்போது, கூடத்தில் அவளுக்காக ஒரு கடல் இருக்க வேண்டும்.

தனப்பிரியாவின் அப்பா கந்தப்பன் நாமக்கல்காரர்தான். தூத்துக்குடி துறைமுகத்தருகே லாரி புக்கிங் ஆபீஸ் போட்டு அங்கேயே தங்கிவிட்டவர். மகள் கடலைப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று, கண்ணை மூடி மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "இங்க காத்துல ஒரு வாசமும் இல்லீங்க" என்றாள். அந்தப் பெருமூச்சு இளஞ்செழியனின் நெஞ்சில் கொக்கியாக மாட்டிக்கொண்டது. தனக்காக ஒரு சமுத்திரத்தையே விட்டுவிட்டு வந்த பெண்! அவளுக்கு அதில் ஒரு குடத்தளவாவது திருப்பித் தராமல் ஓய்வதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினான்.

போர் தண்ணீரை ஓஸ் வைத்து உறிஞ்சி வெளியே விட்டான். பாதியில் ஓஸ் நழுவிக் கூடத்துக்குள் விழுந்தது. கண்ணாத்தாள் பேரக்குழந்தைக்காக இலவம் பஞ்சு அடைத்து வைத்திருந்த புது மெத்தை அத்தனையையும் குடித்தது. மெத்தை மொட்டை மாடிக்குப் போனது. தொட்டிக்குக் கேன் தண்ணீரும் கடலுப்பும் வந்தன.

அடுத்து லாரி பார்சலில் கல் வந்தது. கடலடியிலிருந்து ஈரத்தோடு எடுத்த, துவாரம் துவாரமான, வயலட் திட்டுகள் படிந்த கற்கள்.

"இது சும்மா கல்லில்லம்மா, உசுருள்ள கல்லு" என்று மகிழ்ச்சியில் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான். சங்ககிரி பைபாஸில் லாரி உதிரிபாகக் கடையில் அவனுக்கு வேலை.

சாயங்காலம் திரும்பியபோது வீட்டுக்குள் ஊதுபத்தி மணத்தது. தொட்டியின் முன்னால் பக்கத்து வீட்டுக் குப்பாயி கண்மூடி நின்றிருந்தாள். தொட்டித் தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது.

"உசுருள்ள கல்லுன்னா அப்பறம் என்ன பண்ணுவாங்க? மஞ்சத் தண்ணி ஊத்திக் கும்புட்டோம்" என்றாள் கண்ணாத்தாள்.

"கல்லுக்குள்ள என்னமோ ஒண்ணு நெளிஞ்சுது, தம்பி. என்ற ரெண்டு கண்ணால பாத்தேன். சக்தியுள்ள கல்லு" என்றாள் குப்பாயி.

நெளிந்தது புழு. அது மஞ்சளைத் தாங்கவில்லை.

இளஞ்செழியன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இறைத்தான். இந்த முறை வெளியே போனது அசல் கடலுப்புத் தண்ணீர். அது போய்த் தேங்கிய இடத்தில் கறிவேப்பிலை மரம் நின்றது. ஒரே வாரத்தில் அதில் ஓர் இலை மிச்சமில்லை.

"ரசத்துக்கு இனி மீனக் கிள்ளிப் போடட்டுமா?" என்றாள் கண்ணாத்தாள்.

புதுத் தண்ணீர் தெளிவாக நின்றது. ஆனால் கல்லுக்குள் செத்தவை நாறத் தொடங்கின. சாதாரண நாற்றமில்லை, ஒரு கருவாட்டுச் சந்தையே கூடத்தில் கடை விரித்த மாதிரி.

"நாறட்டும்ண்ணா" என்றார் நந்தகுமார் போனில். "அதுலதான் நல்ல கிருமி உண்டாவும். கல்லத் தொட்றாதீங்க. தண்ணி மட்டும் சூடாவக் கூடாது."

ஜன்னலைத் திறந்தால் சித்திரை வெயில் உள்ளே வந்து தண்ணீரைக் காய்ச்சியது. படுக்கையறை ஏசியைக் கழற்றிக் கூடத்தில் மாட்டினான். ஏசி போட்டதால் ஜன்னல், கதவு எல்லாம் சாத்த வேண்டியதாயிற்று. போக வழியில்லாத வாடை திரையில் ஏறியது, தலையணையில் ஏறியது, தொட்டில் சேலையில் ஏறியது.

"மீனுக்கு ஏசி, என்ற மூக்குக்கு இந்த எழவு" என்று கண்ணாத்தாள் பாயைச் சுருட்டிக்கொண்டு குப்பாயி வீட்டுக்குப் படுக்கப் போனாள்.

இளஞ்செழியன் மட்டும் அசரவில்லை. கண்ணை மூடி மூச்சை இழுத்தால் அலையே கேட்டது. வீடியோ காலில் தொட்டி தெரியாதபடி சுவரோடு சுவராக நின்று பேசினான்.

"ஏனுங்க, எப்பப் பாத்தாலும் பல்லி மாதிரி செவுத்துலயே ஒட்டிட்டு நிக்கறீங்க?" என்றாள் தனப்பிரியா.

"சும்மாதான்" என்றான்.

கடைசியில் எல்லாம் கூடி வந்தது. தண்ணீர் கண்ணாடியோடு கண்ணாடியாகத் தெளிந்தது. கல்லில் திரும்ப வயலட் பூத்தது. நந்தகுமார் தாமே பஸ்ஸேறி வந்து, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களை விட்டார். பூவின் மகரந்தத் தாள்கள் போல் ஆடும் உயிருள்ள பவளக் கொத்து ஒன்றையும் கல்லில் நட்டார். வாடைதான் குறையவில்லை. "வீடே ஊறிப் போச்சுண்ணா" என்றார். "ஊறட்டும்" என்றான் இளஞ்செழியன்.

அந்த நாளும் வந்தது. வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டதும் கண்ணாத்தாள் ஆரத்தித் தட்டோடு ஓடினாள். பைகளைத் தூக்கிக்கொண்டு கந்தப்பன் முதலில் உள்ளே வந்தார். இளஞ்செழியன் நீல விளக்கைத் தட்டினான். கூடமே கடலாயிற்று.

"வாங்க மாமா. எப்படி இருக்குது?"

கந்தப்பனின் மூக்கு விடைத்தது. தொட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், வாசலைத் திரும்பிப் பார்த்தார். பையைக் கீழே வைக்காமலே கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாப்ள, கடல் வாட அடிக்காத ஊரா பாருங்கப்பான்னு ஒத்தக் கால்ல நின்னு, தூத்துக்குடியில வந்த நல்ல நல்ல வரனையெல்லாம் தள்ளிப்போட்டுத்தானுங்க அம்மிணி உங்களக் கட்டிக்கிட்டா, அவளக் கொஞ்ச நேரம் கார்லயே உக்கார வெக்கறேன், அதுக்குள்ள இத எங்கயாச்சும் தூக்கி வெச்சர்றீங்களா?"