ஒரு எழுத்துப் பிழை

இருநூறு ஃபேன் அனுப்புவதாக ஒரு கடைக்கு எழுதிய கடிதம், மேலாளரின் கையெழுத்தாகி, ஸ்கேன் ஆகி, மின்னஞ்சலில் பறந்தும் விட்டது. தட்டச்சர் அதன் நகலை எடுத்துப் பார்த்தார். ‘மதிப்பிற்குரிய’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘மதிப்பிற்குறிய’ என்று இருந்தது. அப்படி அடித்தவர் அவரேதான். அதுவும் வேண்டுமென்றே.

மனநல ஆலோசகரான அந்த அம்மா கொடுத்த பயிற்சி அது. எட்டு வாரம் முன்பு வரை, வீட்டைப் பூட்டிவிட்டு, பேருந்து நிறுத்தத்திலிருந்து நாலு தரம் ஓடிவந்து பூட்டை இழுத்துப் பார்த்த மனிதர் இவர். மனைவிதான் கையைப் பிடித்து ஆலோசகரிடம் அழைத்துப் போனாள். வியாழக்கிழமைதோறும் அங்கே போய்வந்ததில், இப்போதெல்லாம் ஒரே தரம் பூட்டிவிட்டு நேரே நடக்கிறார். அதனால் அந்த அம்மா அடுத்த படிக்கு ஏற்றிவிட்டார்.

"ஒரு கடிதத்துல சின்னதா ஒரு தப்பு விடுங்க. என்ன ஆகும்னு பயப்படறீங்க?"

"வேலை போயிடும்."

"போகுதான்னு பாத்துடுவோம். ஆனா விட்ட தப்பைத் திருத்த ஓடக் கூடாது."

பதினோரு நிமிடம் ஓடாமல் இருந்தார். பன்னிரண்டாவது நிமிடம் இன்னொரு மின்னஞ்சல் போயிற்று: ‘முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.’

கடை முதலாளி உடனே ஃபோனில் வந்தார்.

"என்ன சார் இது? இருநூறு ஃபேனும் வராதா?"

"வரும் சார், வரும்! கடிதத்துல ஒரு எழுத்துதான் தப்பு. மதிப்புல..."

"மதிப்புலயா? விலையை ஏத்திட்டீங்களா?"

"ஐயோ, விலையே இல்ல சார்!"

"அப்போ சும்மாவே தர்றீங்களா?"

தட்டச்சர் ஃபோனை வைத்துவிட்டார். அடுத்த நொடி மேலாளர் அறையில் ஃபோன் மணி அடித்தது. அலுவலகத்தில் மேலாளருக்கு ‘சிங்கம்’ என்று பெயர். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கட்டடமே அதிரும்.

பழைய ஆளாக இருந்தால் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டிருப்பார். இவர் பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றினார். மூச்சை மெதுவாக வெளியே விட்டார். நெஞ்சு படபடவென்றுதான் அடித்தது. அது பாட்டுக்கு அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார்.

"சார், வேணும்னேதான் தப்பா அடிச்சேன். எனக்குப் பதற்றம் ஜாஸ்தி. அதுக்கு சிகிச்சை எடுத்துக்கறேன். இப்பக்கூட பயமாதான் இருக்கு, ஆனா மறைக்கத் தோணல."

சிங்கம் கர்ஜிக்கவில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டது. பிறகு கடைக்காரரை அழைத்து, "இருநூறு ஃபேன், பழைய விலை, நாளைக்கு வரும்" என்றது. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"தைரியமா வந்து சொன்னீங்களே" என்றார் மேலாளர், தாழ்ந்த குரலில். "போய் வேலையைப் பாருங்க."

வெளியே வந்த தட்டச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் மேலாளரின் டிரைவர் நின்றிருந்தார்.

"என்னண்ணே, செம திட்டா?"

"ஒரு வார்த்தை திட்டலப்பா! எனக்கு ஒண்ணுதான் புரியல. எழுத்தெழுத்தாப் பாக்கற மனுஷன், இதுல எப்படிக் கையெழுத்துப் போட்டார்?"

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தார்.

"தினம் ஒரு கடிதத்தையாவது படிக்காமலே கையெழுத்துப் போடணும்னு உங்க ஆலோசகரம்மாதான் சாருக்கும் சொல்லியிருக்காங்கண்ணே; வியாழக்கிழமை அங்கேருந்து நீங்க வெளிய வர்ற வரைக்கும் நானும் சாரும் கார்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டுதான் உக்காந்திருப்போம்!"