ஏழு தலைக்கு வந்த சாக்கடை பில்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் ஒரே நாத்தனார் வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்கள், அண்ணன், பிள்ளைகள் மூன்று பேர், அண்ணனின் முட்டிவலி எல்லோரும் அங்கே சேமமாக இருப்பீர்கள். இங்கே நான் இருக்கிறேன். சேமமாக இருக்கிறேனா என்பது அப்புறம், இருக்கிறேனா இல்லையா என்பதிலேயே ஆபீஸ்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் படித்தது நாலாம் வகுப்பு, அதிலும் பாதி. எழுத்துப் பிழை இருந்தால் பிள்ளைகளிடம் காட்டிச் சிரித்துக்கொள்ளுங்கள். அண்ணனிடம் காட்ட வேண்டாம், அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர், மனசு கஷ்டப்படும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். எங்கள் சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் குட்டை என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்திருந்தபோது டம்ளர் சரிந்து அண்ணன் மடியில் கொட்டியதே, அதே மேசை. அந்தக் காலுக்கு அடியில் நான் மடித்து மடித்து முட்டுக் கொடுத்து வைத்திருந்த காகிதம் அத்தனையும் சாக்கடை பில். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் அவரே படித்து அவரே கட்டிவிடுவார். அவர் போனபிறகு பையன் தூரத்து ஊரில் இருந்தபடியே போனில் தட்டிக் கட்டிவிடுகிறான். காசு அவனுக்கு, காகிதம் எனக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டோம். இரண்டு மாதத்துக்கு ஒரு காகிதம் வரும், மேசை ஒரு நூல் உயரும், நானும் நல்ல ஆபீஸ்தான் என்று நினைத்துக்கொள்வேன். போன மாதம் வந்தது மட்டும் ரோஸ் நிறத்தில் தடியாக இருந்தது. வைத்தால் மேசை எதிர்ப்பக்கம் ஆடியது. ஒரு அளவாக அனுப்பத் தெரியாதா என்று திட்டிக்கொண்டே பிரித்து, எழுத்துக்கூட்டிப் படித்தேன். மேற்படி வீட்டில் ஆறு மாதமாகக் கழிவுநீர் போவது மிகக் குறைவாம், ஆகவே மேற்படி வீடு ஆளில்லாத வீடாகக் கருதப்படுகிறதாம், வருகிற பத்தாம் தேதி சாக்கடைக் குழாயைச் சிமென்ட் பூசி அடைத்துவிடுவார்களாம், ஆட்சேபம் இருந்தால் நேரில் வரவும். அண்ணி, நான் அதை அந்த மேற்படி வீட்டுக்குள் நின்றுகொண்டுதான் படித்தேன்.

அவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை. தொழிற்சாலைக் கேன்டீனில் இருநூறு பேருக்குச் சமைக்கிறவள் நான். கிழக்கு வெளுக்கும்போதே போய்விடுவேன். குளியல் அங்கே, துணி துவைப்பது அங்கே, சாப்பாடு அங்கே. வீட்டுக்கு வந்தால் முகம் கழுவிப் படுத்துக்கொள்வதோடு சரி. ஞாயிற்றுக்கிழமையும் போவேன். ஏன் என்று கேட்டால் பெரிய அண்டாவைத் தேய்க்க வேண்டும் என்பேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அண்டா தேய்க்கச் சொல்லி யாரும் என்னிடம் சொன்னதில்லை.

ஆபீஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மேசை முழுக்கக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

“நெத்தியில பாருங்க சார். அங்க ஆளில்லைன்னு நெனச்சிட்டீங்களா?”

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “உங்களுக்கு என்னம்மா வேணும்?” என்றார்.

“நான் இருக்கேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்.”

வீட்டு எண்ணைக் கேட்டுத் தட்டிப் பார்த்தார். “இந்த வீட்ல யாரும் இல்லையேம்மா.”

“நான் இருக்கேன் சார்.”

“கணக்குல இல்லையே.”

“கணக்குல இல்லாட்டி என்ன, கண்ணெதிர்ல நிக்கிறேனே.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் நல்ல மனிதர்தான், பில்லைத் திருப்பி வைத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தார். மேல் வரி தலைக்கட்டணம், வீட்டில் எத்தனை தலையோ அத்தனை. தலையிலிருந்து சாக்கடைக்கு என்ன சார் போகிறது, உதிர்கிற முடியைத் தவிர என்று கேட்டேன், அவர் விரலைக் கீழே நகர்த்தினார். அடுத்த வரி தண்ணீருக்கு. சாக்கடைக்கென்று தனி மீட்டர் கிடையாதாம். உள்ளே வருகிற தண்ணீர் பத்துப் பங்கு என்றால் எட்டுப் பங்கு சாக்கடைக்குப் போகும் என்று அவர்களாகவே எடுத்துக்கொள்கிறார்களாம்.

“அப்ப மீதி ரெண்டு பங்கு?”

“குடிப்பீங்க, செடிக்கு ஊத்துவீங்க, வெயில்ல காயும். அதுக்கெல்லாம் காசு இல்லம்மா.”

“அழுதா?”

“என்னது?”

“அழுதா, அந்தத் தண்ணி எட்டுல வருமா, ரெண்டுல வருமா?”

அவர் கண்ணாடி வழியாக என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “ரெண்டுலதாம்மா வரும்” என்றார். பார்த்தீர்களா அண்ணி, அதற்குக் காசே கிடையாதாம். இது தெரியாமல், அவர் போனதிலிருந்து மூன்று வருஷமாக வீணாகச் சிக்கனம் பிடித்திருக்கிறேன்.

குழாயை அடைக்காமல் இருக்க இரண்டு காரியம் செய்யச் சொன்னார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் இந்த அம்மா இங்கேதான் குடியிருக்கிறார் என்று கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை ஒருவர் வந்து பார்ப்பார், அன்றைக்குத் தண்ணீர் மீட்டர் குடித்தனம் நடக்கிற வீட்டு மீட்டர் மாதிரி ஓடியிருக்க வேண்டும். கையெழுத்துத்தானே என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா திறந்து, “அட, நீங்க இங்கதான் இருக்கீங்களா? பொண்ணு வீட்டோட போயிட்டீங்கன்னு இவர் சொன்னாரே!” என்றார். கல்யாணமான நாளிலிருந்து மகள் என்னைக் கூப்பிட்டது இரண்டு தரம், அதை நான் அவருக்குச் சொல்லவில்லை, கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். அடுத்து எதிர்க்கடை டெய்லர். அவர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். “கோவிச்சுக்காதீங்கக்கா. பூட்டியே கெடக்கே, வாடகைக்கு வருமான்னு நாலு பேரு கேட்டாங்க. நானும் ஒரு வாடகை சொல்லி வச்சிட்டேன்.”

“எவ்வளவு சொன்னீங்க?”

சொன்னார். நல்ல வாடகை அண்ணி. நானே காலி செய்துகொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கையெழுத்தையும் போட்டுக்கொடுத்தார்.

கேன்டீன் மேனேஜரிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். “லீவா? உங்களுக்கா? உடம்புக்கு என்ன?” என்று பதறிவிட்டார். “உடம்பு நல்லாருக்கு சார். வீட்ல குடியிருக்கணும், அதான்” என்றேன். முதல் நாள் இரண்டு வேளை குளித்தேன், மீட்டரைப் போய்ப் பார்த்தால் தூங்கி வழிகிறது. ஒரு உடம்பைக் கழுவ எவ்வளவு தண்ணீர்தான் வேண்டும்? சமைக்கலாம் என்று அடுப்பை ஏற்றினேன், கைக்கு ஒரு ஆள் கணக்கு மறந்துபோயிருக்கிறது, இருபது பேர் சாப்பிடுகிற அளவுக்குப் பொங்கி நிற்கிறது. தெரு முழுக்கக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தேன், நான் இருக்கிறேன் என்பது அப்போதுதான் தெருவுக்கே ருசியோடு தெரிந்தது. இரண்டாம் நாள் பீரோவைத் திறந்தேன். துவைக்க ஏதாவது வேண்டுமே. அவருடைய சட்டை நாலு, பையன் பள்ளிக்குப் போட்ட பேன்ட், மகளின் சின்ன வயதுக் கவுன், அவளே பெரியவளாகிப் போட்ட கவுன், அண்ணன் மறந்துவிட்டுப் போன லுங்கி, காரியத்துக்கு வந்தபோது நீங்கள் விட்டுப்போன பச்சை நைட்டி, எல்லாவற்றையும் ஊறவைத்துத் துவைத்துக் கொல்லைக் கொடி கொள்ளாமல் காயப்போட்டேன். சட்டையில் இன்னும் வாசனை இருந்தது. துவைத்ததும் போய்விட்டது. அதை யோசிக்காமல் செய்துவிட்டேன், போகட்டும்.

மூன்றாம் நாள் ஒரு வேடிக்கை. மீட்டர் ஓடட்டும் என்று பாத்ரூம் குழாயைத் திறந்து, கதவையும் சாத்திவிட்டுச் சமையலறைக்கு வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாளி நிறைந்து தண்ணீர் வழிகிற சத்தம் யாரோ உள்ளே குளிக்கிற மாதிரியே இருந்தது. அவர் இப்படித்தான் குளிப்பார், ஊரே கேட்கும்படி. “சீக்கிரம் வாங்க, ஆறிடப்போகுது” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கத்தி ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் குழாயை மூடாமலே மீதி வெங்காயத்தையும் நறுக்கி முடித்தேன். வெங்காயத்துக்கு வந்த தண்ணீரும் அந்த இரண்டு பங்கில்தான் சேரும், அதனால் பயமில்லை.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் ஆள் வந்துவிட்டார். மீட்டரைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “உள்ள யாரும்மா?” என்றார்.

“குளிக்கிறாங்க” என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் கொல்லைப்பக்கம் போய்க் கொடியைப் பார்த்தார். அவர்கள் வேலைசெய்கிற விதம் அப்படித்தானாம். ஆட்களைக் கேட்டால் பொய் சொல்வார்கள், கொடி பொய் சொல்லாது என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேனாவை நீட்டி நீட்டி எண்ணினார். “பெரிய சட்டை ஒருத்தர். பேன்ட் பையன் ஒருத்தன். சின்னக் கவுன் ஒண்ணு, பெரிய கவுன் ஒண்ணு, பொண்ணுங்க ரெண்டு. லுங்கி இன்னொருத்தர். பச்சை நைட்டி யாரு?”

“அண்ணி.”

“அண்ணி ஆறு, நீங்க ஏழு” என்று எழுதிக்கொண்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன் அண்ணி, சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர், “ஆளில்லாத வீடுன்னு எவன் எழுதினான்? கலகலன்னு இருக்கும்போல!” என்று சொல்லிச் சிரித்தார். எங்கள் வீட்டைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்லி எத்தனை நாளாகிறது. திறந்த வாயால் “ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னேன். ஆடுகிற மேசையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். குழாயை அடைக்கும் உத்தரவை அங்கேயே கிழித்தும் போட்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் பேனாவைப் பிடிக்கிறேன்? பத்து நாளில் ஏழு தலைக்குக் கட்டணம் போட்டு பில் வந்துவிட்டது. வழக்கமாக மாதத்துக்கு ஒருமுறை பேசுகிற பையன் அன்றைக்கே போன் செய்தான். “அம்மா, வீட்ல யாரும்மா ஏழு பேரு?”

“விருந்தாளிங்கப்பா.”

“நமக்கு ஏது ஏழு பேரு?”

அது எனக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். அவனோ, “ஆபீஸ்ல போய் மாத்தி எழுதிக் குடுத்துடும்மா” என்றான். மறுபடி போனேன். கண்ணாடிக்காரர் ஒரு தாளைக் கொடுத்து, “வீட்டில் உள்ள தலைகள்னு கட்டம் இருக்கு பாருங்க, அதுல ஒண்ணுன்னு போட்டுக் கையெழுத்து வைங்க, முடிஞ்சுது” என்றார். ஒன்று என்று எழுதப் படிப்பே வேண்டாம் அண்ணி, ஒரு கோடு இழுத்தால் போதும், நாலாம் வகுப்பு வரை போனவள் நான். பேனாவில் மை இல்லை என்றேன். வேறு பேனா கொடுத்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். நான் கண்ணாடி போடுகிறவள் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாளைக் காலையில் போய்க் கோட்டை இழுத்துக் கொடுத்துவிடுவேன். ஆகையால் நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம், வரவும் வேண்டாம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அண்ணனுக்கு முட்டி, உங்களுக்கு அண்ணன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் மூவரும் நோய்நொடி இல்லாமல் படித்து, பில்லை மேசைக்கு முட்டுக் கொடுக்காத மனிதர்களாக வளரட்டும். அண்ணனுக்கு என் அன்பையும், முட்டிக்கு என் விசாரிப்பையும் சொல்லவும்.

இப்படிக்கு,
இருக்கிற நாத்தனார்

பின்குறிப்பு: மேலே வர வேண்டாம் என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். இன்று காலை ஆபீஸுக்குப் போய்விட்டு வந்தேன். கட்டத்தில் ஏழு என்றுதான் எழுதினேன். கண்ணாடிக்காரர், “தனி ஆளுன்னு சொன்னீங்களேம்மா?” என்றார். “தனி ஆளுதான் சார். ஆனா வர்றாங்க” என்றேன். “எப்ப?” “இனிமேதான் கூப்பிடணும்.” மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பி எண்ணுவார்களாம், குறைந்தால் அபராதமாம். உங்கள் வீட்டில் ஐந்து, என்னோடு ஆறு. ஏழாவதுக்குப் பையனைக் கூப்பிட்டேன். அபராதம் எவ்வளவு என்று கேட்டான், சொன்னேன், டிக்கெட் அதைவிட அதிகம் என்றான், யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். அவன் வராவிட்டால் டெய்லர் வந்து நிற்கிறேன் என்றிருக்கிறார். எப்படியும் வியாழக்கிழமையே வந்துவிடுங்கள், இருபது பேருக்குச் சமைக்கிறேன்.

இன்னொன்று. இந்தப் பின்குறிப்பை எழுத உட்கார்ந்தபோது வழக்கம்போலப் பாத்ரூம் குழாயைத் திறந்து வைத்திருந்தேன். பின்குறிப்பும் நீண்டுவிட்டது. ஆபீஸ்காரர்கள் அடைக்காத சாக்கடையை, நீங்கள் வந்தால் உடுத்த மறுபடி துவைக்கப் போட்டிருந்த உங்கள் பச்சை நைட்டி அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. தண்ணீர் கூடத்துக்கு வந்து, மேசைக்கு அடியில் இருந்த பில்லெல்லாம் வாசல் பக்கம் போய்விட்டன. மேசை ஆடுகிறது. என் செருப்பில் ஒன்று தெருவுக்குப் போயிருக்கிறது. மற்றது இருக்கிறது.