நாற்பத்தெட்டு மணி நேர விரதம்

“இன்னும் கீழே அமுக்குங்கோ. ஓரம் தெரியறது.”

சிவராமகிருஷ்ணன் முழங்கைவரை அரிசி டின்னுக்குள் கையை விட்டுத் தன் போனைப் புதைத்தார். கையை உருவி மனைவியின் பக்கம் நீட்டினார்.

“உன்னோடது?”

“ஒரு நிமிஷம். ஒண்ணே ஒண்ணு போட்டுட்டுத் தரேன்” என்றாள் மாதங்கி. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“இதுதாண்டி வியாதி.”

வியாதி தனக்கில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, வங்காளிகள் நிறைந்த டாக்குரியாவில் இரண்டாம் மாடியில் நிம்மதியாக உட்கார நினைத்தவர் அவர். மாதங்கியோ வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு, இங்கே சொல்வதுபோல் மாஷிகளுக்கு, சங்கம் ஆரம்பித்தாள். சங்கம் என்றால் நாற்பத்தோரு வாட்ஸப் குழு. காலை ரயிலில் வந்து இறங்கும் மாஷிகளுக்கு ஒன்று. அந்த ரயில் தாமதமானால் தகவல் சொல்ல இன்னொன்று. அவர் ரசம் சாதத்தைப் பிசைவதற்குள் இருபது முறை ‘டிங்’ அடிக்கும். குக்கர் விசில் எது, போன் எது என்று தெரியாமல் பருப்பு பலநாள் கூழாகியிருக்கிறது. நேற்று அவர் காபி கேட்டபோது, “உங்க கோரிக்கையைக் குறிச்சுண்டேன்” என்றாள்.

அதனால்தான் இந்த விரதம். ஒரு நாள் என்றுதான் அவர் கேட்டார். “ஒரு நாள் எந்த மூலைக்கு? முழுசா நாப்பத்தெட்டு மணி நேரம் இருக்கலாமே” என்று அவளாகவே சொன்னாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் கேட்டதற்கு மேல் அவள் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

“நடுவில எடுத்துப் பாக்க மாட்டேளே?”

“நானா? சொன்னா சொன்னதுதான்.”

“இப்ப மணி என்ன?”

“ஒம்பது அஞ்சு.”

“அப்ப சரி” என்று போனைக் கொடுத்தாள். அதுவும் அரிசிக்குள் போயிற்று.

வீட்டில் மூன்று மாதமாக இருந்த சண்டையும் கூடவே உள்ளே போய்விட்டதாக அவர் நினைத்தார். சண்டை ஒரு சாவியைப் பற்றியது. கட்டிடத்தின் தரைத்தளத்தில் வேலையாட்களுக்கென்று கட்டிய கழிவறை ஒன்று உண்டு. பல வருஷமாக அதில் பூட்டுத்தான் தொங்குகிறது. உள்ளே பூஜைப் பந்தலின் மூங்கிலும் தார்ப்பாயும். விடியுமுன் ரயிலேறி வரும் ஷெஃபாலி மாஷி, ஐந்து வீட்டில் வேலை முடித்து மத்தியானம் ஸ்டேஷனுக்குத் திரும்பும்வரை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். போகிற வீடுகளில் கேட்க முடியாது. வேலைக்கு வந்தால் தண்ணீரே குடிப்பதில்லை.

சாவி சிவராமகிருஷ்ணனிடம் இருந்தது. கட்டிடத்தின் பதினாறு வீட்டுக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

“எனக்குத் தனிப்பட்ட முறையில ஒரு மறுப்பும் இல்லை, மாதங்கி. செயலாளர்ங்கிற முறையிலதான்.”

“அப்ப செயலாளரைச் சாப்பிட வரவேண்டாம்னு சொல்லுங்கோ. நீங்க மட்டும் வாங்கோ.”

“சோப்பு யார் வெப்பா? யார் அலம்புவா? மூணாவது மாடி கோஷ்-தா என்ன சொல்வார்? எல்லாத்துக்கும் விதி இருக்கு.”

விதிகளை எழுதியவரும் அவரே. லிஃப்டில் ஒட்டியிருந்தார். ஏழாவது விதியில் அவருக்குத் தனிப் பெருமை: கட்டிடத்தின் வாட்ஸப் குழுவில் பதிவான தீர்மானத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் யாரும் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் அது நிறைவேறியதாகும். மாதங்கி மூன்று முறை தீர்மானம் போட்டாள். மூன்று முறையும் நாலே நிமிஷத்தில் ‘மறுப்பு. இப்படிக்கு, செயலாளர்’ என்று பதில் போயிற்று.

சனிக்கிழமை சுகமாகக் கழிந்தது. சாயங்காலம் இருவரும் லேக்கைச் சுற்றி நடந்தார்கள். அவர் சொன்ன வங்கிக் கதைகளை அவள் கடைசிவரை கேட்டாள். அவருக்கே அலுக்கும்வரை கேட்டாள்.

ஞாயிறு காலையில்தான் அவர் கட்டைவிரல் துடிக்க ஆரம்பித்தது. தினமும் ஆறு மணிக்கு அவர் குழுவில் ஒரு சூரியோதயப் படம் போடுவார். பிறகு ஒரு பொன்மொழி. பிறகு தண்ணீர் மோட்டார் ஓடும் நேரம். இன்றும் நாளையும் பதினாறு குடும்பங்கள் சூரியோதயம் இல்லாமல் என்ன செய்யும்? பதினொரு மணிக்கு மெல்ல அடுக்களைக்குள் நுழைந்து டின் மூடியில் கை வைத்தார்.

“அரிசி வேணுமா?” பின்னால் மாதங்கி.

“வண்டு இருக்கான்னு பாத்தேன்.”

“ரெண்டு பெரிய வண்டு இருக்கு. நாளைக்கு ஒம்பது அஞ்சுக்கு எடுக்கலாம்.”

திங்கட்கிழமை சரியாக ஒன்பது ஐந்துக்கு எடுத்தார். அரிசி மாவை ஊதிவிட்டுக் குழுவைத் திறந்தார். சனிக்கிழமை ஒன்பது மணி மூன்று நிமிஷத்துக்கு ஒரு பதிவு. பொருள், பார்வை, தேதி எல்லாம் அவர் வகுத்த படிவத்திலேயே இருந்தன. தரைத்தளக் கழிவறையைத் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரும் பெண்களுக்குத் திறந்துவிடுவது. கீழே ஒரே ஒரு கும்பிடும் கை. கோஷ்-தா. யார் எதைப் போட்டாலும் படிக்காமல் கும்பிடுகிறவர்.

மறுப்பு ஒன்றுகூட இல்லை. நேரம் முடிந்து இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

அவர் பதிவை மூன்று தரம் படித்தார். முப்பத்தாறு வருஷம் மற்றவர் காகிதங்களில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். ஒரு காற்புள்ளிகூடச் சிக்கவில்லை. தன்னிடம் வேலை பார்த்த ஒருவனுக்கும் இப்படி எழுத வந்ததில்லை என்று தோன்றியது. கோபத்தைத் தேடினார். அது வருவதற்குள் மரியாதை முந்திக்கொண்டது.

“என்னைக் கட்டிப்போட்டே, சரி. மத்த பதினஞ்சு வீடு? ஒருத்தருமா மறுக்கலை?”

“மறுக்கணும்னா படிக்கணுமே” என்றாள் மாதங்கி, காபியை ஆற்றியபடி. “போன மாசம் வீடு வீடாப் போனேன். எல்லா வீட்டிலயும் அந்தக் குழு மியூட்.”

“மியூட்டா? ஏன்?”

“சூரியோதயம்.”

அவர் போனைக் கீழே வைத்தார். “நீயாவது…”

“நான்தான் மொதல்ல பண்ணேன்.”

மணி அடித்தது. வாசலில் ஷெஃபாலி, சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு. பின்னால் படிக்கட்டில் இன்னும் மூன்று பேர், ஆளுக்கொரு துடைப்பத்துடன்.

“தாதா, சாபி?” என்று அண்ணனிடம் கேட்பதுபோல் கையை நீட்டினாள்.

ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். அவர்கள் தடதடவென்று இறங்கிப் போனார்கள். சற்றைக்கெல்லாம் கீழே மூங்கில்கள் சரியும் சத்தம் கேட்டது. அப்புறம் வாளியில் தண்ணீர் விழும் சத்தம், சிரிப்பு. மாதங்கியின் போன் இருபது முறை அடித்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

சிவராமகிருஷ்ணன் தன் அலமாரியைத் திறந்தார். யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த சந்தன சோப்புகளில் ஒன்றை எடுத்தார். உறையைப் பிரித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சோப்போடு படியிறங்கினார்.