வைப்பருக்குக் கொடுத்த வண்டி

“உலகத்துல ரெண்டே வகை வண்டிதான் சார் இருக்கு. நாங்க சரி பண்ணினது ஒண்ணு, இனிமே சரி பண்ணப் போறது ஒண்ணு. ஒங்க வண்டி மொத வகைக்கு வந்துருச்சு. சந்தோசப்படுறத விட்டுப்புட்டுச் சண்டைக்கு வந்து நிக்கிறீகளே!”

“நான் வைப்பருக்குத்தான குடுத்தேன்?”

“வைப்பரு அடுத்த கட்டப் பணி.”

“ஹார்ன யாரு தொடச் சொன்னா?”

“யாரும் சொல்லாமச் செய்யிறதுக்குப் பேருதான் சார் சேவை.”

இந்தப் பொன்னான வாக்கியத்தை உதிர்த்தவர் சேவுகப்பெருமாள். காரைக்குடி கழனிவாசல் சாலையில் இருபது வருடமாக வெறும் ‘சேவுகன் மெக்கானிக் ஷாப்’ நடத்திவந்தவர். போன ஆடியில் மதுரைக்குப் போய் இரண்டு நாள் ‘வாடிக்கையாளர் பேரானந்தப் பயிற்சி’ பெற்றுத் திரும்பினார். அன்றிலிருந்து அது மெக்கானிக் ஷாப் இல்லை. ‘நான்கு சக்கர நலவாழ்வு மையம்’. வாசலில் பலகை: ‘உங்கள் வண்டியை எங்கள் வண்டியாகவே நினைக்கிறோம்.’ பலகைக்குக் கீழே சேவுகப்பெருமாளின் சொந்தக் கார் நான்கு செங்கல் அடுக்குகளின் மேல் சக்கரமில்லாமல் ஒன்றரை வருடமாக நின்றது. அடுத்தவர் வண்டியைக் கவனிப்பதற்காகத் தன் வண்டியைத் துறந்த மனிதர் என்றுதான் அதைப் பார்த்தவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

எதிரில் நின்றவர் மரிய ஜெரால்டு. செக்காலைப் பக்கம் வீடு. மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். தவளையின் நரம்பு மண்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். காரின் நரம்பு மண்டலம் அவருக்குப் பிடிபடாத விஷயம். பதினாறு வயதான அவருடைய வெள்ளைக் காரில் மழைக்குத் துடைக்க வேண்டிய வைப்பர் பாதியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் புதன்கிழமை வண்டியை விட்டார். வியாழன் மாலை திரும்பக் கிடைத்தபோது வைப்பர் அப்படியே யோசித்துக்கொண்டிருந்தது. ஹார்ன் மட்டும் குணமாகியிருந்தது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு அந்த ஹார்னின் பெருமை தெரியாது.

மூன்று வருடமாக அந்தக் காருக்கு ஒரு விசேஷம் உண்டு. ஸ்டீயரிங்கை இடதுபக்கம் திருப்பினால் ஹார்ன் தானாக அலறும். நேராக்கும் வரை நிற்காது. வலதுபக்கம் திருப்பினால் சாது. இந்த நோய் முதன்முதலில் வெளிப்பட்டது, ஜெரால்டின் சித்தப்பா இஞ்ஞாசிமுத்து ஒரு துக்க வீட்டுக்காக வண்டியை இரவல் வாங்கிப்போன அன்று. வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு நான்கு இடது திருப்பம். நான்கிலும் வண்டி அலறியது. இறந்தவரே ‘வழி விடுங்கப்பா, நேரமாச்சு’ என்று அவசரப்படுத்துவது போல இருந்ததாக ஊர் பேசிக்கொண்டது. சித்தப்பா அன்றைக்குச் சாவியை வைத்துவிட்டுப் போனவர்தான். அதற்குப் பிறகு சொந்தத்தில் ஒருவர்கூட வண்டி கேட்கவில்லை. ‘கூட வாரோம்’ என்று ஏறி உட்காரவும் இல்லை.

ஜெரால்டின் மனைவி ஆரோக்கிய ஷீலா அந்த ஹார்னை ஒரு குடும்ப உறுப்பினர் போல நேசித்தாள். அதற்குக் காரணம் இருந்தது. ஹார்ன் கெடுவதற்கு முந்தைய வருடம் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். ஐந்து பேர் வண்டியில் ஒன்பது பேர். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் ஷீலா கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது வண்டி இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் போன பிறகுதான் அவள் இல்லாதது தெரியவந்தது. அதுவரை தெரியாததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வண்டி நிறைந்துதான் இருந்தது. ஷீலாவின் இடத்தில் புளியோதரைத் தூக்கு உட்கார்ந்திருந்தது.

இந்தக் காலாண்டு விடுமுறையில், வருகிற சனிக்கிழமை, ஜெரால்டும் ஷீலாவும் மட்டும் வேளாங்கண்ணிக்குப் போவதாக ஏற்பாடு. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் இருவர் மட்டும் போகும் முதல் பயணம். ஷீலா காதுக்குப் பஞ்சு வாங்கிவைத்திருந்தாள். ஜெரால்டு இடது திருப்பங்கள் குறைவாக உள்ள வழியை நோட்டில் வரைந்திருந்தார். கடல் கடந்து புதிய கண்டம் தேடிப் போகிறவனின் வரைபடம் போல அது அழகாக இருந்தது. நாற்பது கிலோமீட்டர் கூடுதல், அவ்வளவுதான்.

வியாழன் மாலை அவர் வண்டியோடு தன் தெருவுக்குள் இடதுபக்கம் திரும்பினார். சத்தம் வரவில்லை. மூன்று வருடத்தில் அந்தத் தெரு கேட்ட முதல் மௌனம் அது. ஜன்னல்கள் திறந்தன. எட்டு மணிக்குள் மூன்று ஃபோன். கடைசி ஃபோன் சித்தப்பா.

“ஏம்ப்பா ஜெரால்டு, வண்டி குணமாயிருச்சாம்ல? மாதாவுக்கு நன்றி சொல்லணும். சனிக்கிழமை நாங்க அஞ்சு பேரும் வாரோம். தூக்கு இருக்கு, நீங்க ஒண்ணும் கொண்டாற வேணாம்.”

தூக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் ஷீலா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

“ஏங்க, நாளைக்குள்ள அந்த ஹார்ன பழையபடி ஆக்கிட்டு வாங்க. இல்லாட்டி நீங்களும் ஒங்க சித்தப்பாவும் போயிட்டு வாங்க. நான் இந்தத் தடவை வீட்டுலயே எறங்கிக்கிறேன்.”

ஜெரால்டு அன்றிரவே போனட்டைத் திறந்து, பார்க்கக் குற்றவாளி போலிருந்த ஒரு வயரைப் பிடுங்கினார். ஹார்ன் அடியோடு செத்தது. மகிழ்ச்சியோடு சித்தப்பாவுக்குத் தகவல் சொன்னார். “அட அதுக்கென்னப்பா, அஞ்சு பேரு இருக்கோம். ஆளுக்கொரு ஜன்னல்ல கத்திக்கிட்டு வாரோம்” என்றார் சித்தப்பா.

ஆக வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெரால்டு நலவாழ்வு மையத்தின் முன் நின்றார், ஒரு விநோதமான கோரிக்கையோடு. நன்றாக ஆக்கிய வண்டியைக் கெடுத்துத் தர வேண்டும்.

“புகார்னா முறைப்படி போகணும் சார்” என்றார் சேவுகப்பெருமாள். “ரேணுகா! சாருக்குக் குறைதீர் கூட்டம் ஒண்ணு போடு.”

ரேணுகா, சேவுகப்பெருமாளின் கொழுந்தியாள். பி.காம். முடித்தவள். பயிற்சிக்குப் பிறகு மையத்தின் ‘மகிழ்ச்சி அலுவலர்’ ஆக நியமிக்கப்பட்டவள். மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டன. தலைவர் சேவுகப்பெருமாள், செயலாளர் ரேணுகா, பொதுமக்கள் ஜெரால்டு. கூட்டம் சரியாக 10.20க்குத் தொடங்கியதாக டேப்லெட்டில் பதிவானது.

“குறை என்னன்னு சொல்லுங்க சார்.”

“நீங்க வண்டியத் திருப்பிக் குடுத்தப்ப ஹார்ன் ஒழுங்கா அடிச்சுச்சு.”

ரேணுகா விரலை டேப்லெட்டின் மேல் வைத்தபடி நிமிர்ந்தாள். “அது நெறை சார். குறையச் சொல்லுங்க.”

“அதுதான்ம்மா குறை.”

“அப்படி ஒரு கட்டமே இதுல இல்லையே. ‘அடிக்கவில்லை’, ‘மெதுவாக அடிக்கிறது’, ‘விட்டு விட்டு அடிக்கிறது’. இந்த மூணுதான் இருக்கு. ‘ஒழுங்கா அடிக்கிறது’ன்னு தொட்டா நேரா அஞ்சு ஸ்டாருக்குப் போயிருது.”

“போடாத!”

“போட்டுருச்சு சார். நன்றின்னு ஒங்க ஃபோனுக்கே வந்துருக்கும்.”

வந்திருந்தது. ஒரு பூங்கொத்துப் படமும் சேர்ந்து.

ஜெரால்டு குரலை உயர்த்தினார். மாணவர்களிடம்கூட அவர் உயர்த்தாத குரல் அது. “என்னோட அனுமதி இல்லாம என் வண்டியில எப்படிக் கைய வைக்கலாம்? எங்க என் கையெழுத்து?”

“கையெழுத்து எதுக்கு சார், வாய்மொழி உத்தரவே இருக்கே” என்றார் தலைவர். “புதன்கிழமை சாவியக் குடுக்கும்போது என்ன சொன்னீக?”

“வைப்பர்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

ஜெரால்டு யோசித்தார். தமிழ்நாட்டில் மெக்கானிக்கிடமும் டெய்லரிடமும் பல் டாக்டரிடமும் கிளம்பும்போது எல்லோரும் எதைச் சொல்வார்களோ அதைத்தான் அவரும் சொல்லியிருந்தார்.

“‘பாத்துச் செய்யுங்க’ன்னு சொன்னேன்.”

“பாத்தோம். செஞ்சோம்” என்றார் சேவுகப்பெருமாள், கையை விரித்து.

செயலாளர் அதைத் தட்டச்சு செய்தாள்.

“சரி, கழட்டின பழைய பார்ட்டையாவது குடுங்க. நான் வேற எடத்துல மாட்டிக்கிறேன்.”

“அது பழைய சாமான் கடைக்காரரு வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு சார். அங்குட்டு இப்ப கண்ணாடி அலமாரியில இருக்கு. ஏதோ அரண்மனைக் கார்ல இருந்ததுன்னு சீட்டு ஒட்டிருக்காக. வெளிநாட்டுக்காரவுக ரெண்டு பேரு ஃபோட்டோ எடுத்துட்டுப் போனாகளாம். அதப் போயித் திருப்பிக் கேட்டா ஊருக்கே கேவலம்.”

இதற்கிடையே தலைவர் எழுந்து ஸ்டீயரிங்கைத் தட்டிப் பார்த்தார். சத்தமில்லை. அவர் முகத்தில் ஒரு மருத்துவரின் வேதனை தெரிந்தது. யாரும் தடுப்பதற்குள் போனட்டைத் திறந்தார், ஜெரால்டு பிடுங்கிய வயரைச் செருகினார். பீப் என்று இனிமையாக ஒலித்தது.

“இதுவும் இலவசம்” என்றார்.

உண்மை. முந்தைய ஹார்ன் வேலையையும் அவர் இலவசமாகத்தான் செய்திருந்தார். ஜெரால்டின் கோபம் இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் வழுக்கியது. கேட்காததைச் செய்கிறான், செய்ததற்கு எதுவும் கேட்கவும் மாட்டேன் என்கிறான். இப்படிப்பட்டவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதர் என்று விடுமுறைக்கு முன்பே பள்ளி ஆசிரியர் அறையில்கூட அவரைப் பற்றி வியந்திருந்தார்கள்.

கடைசியில் தீர்மானம் நிறைவேறியது. ரேணுகா எழுந்து நின்று வாசித்தாள்: “‘வாடிக்கையாளரின் வண்டி நல்ல நிலையில் இருப்பதற்கு நிறுவனம் தன் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. இனி இவ்வாறு நடக்காமல் பார்த்துக்கொள்ளப்படும்.’”

நாற்காலிகள் மடக்க முடியாத வகை என்பதால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. கூட்டம் கலைந்தது.

ஜெரால்டு உட்கார நாற்காலியும் இல்லாமல் நின்றார். பெட்ரோல் பங்கில் தனியாக நின்ற ஷீலா நினைவுக்கு வந்தாள். அன்று அவர் திரும்பிப் போனபோது அவள் அழவில்லை, “எல்லாரும் வந்துட்டாகளா?” என்று மட்டும் கேட்டாள்.

“சேவுகப்பெருமாள்,” என்றார் மெதுவாக. “என் சம்சாரம் பதினாலு வருசத்துல மொதத் தடவையா நாளைக்கு வெளியூருக்கு முன்சீட்டுல ஒக்காந்து வரப் போறா. அந்த ஹார்னு அலறலைன்னா ஒக்கார முடியாது. ஒங்களால முடியுமா, முடியாதா?”

சேவுகப்பெருமாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பயிற்சியில் கற்ற குரலைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய மெக்கானிக் குரலில் பேசினார்.

“ரெண்டு நிமிச வேலை சார். பழையபடியே அலற வச்சுத் தாரேன். இன்னம் சத்தமாக் கூட வைக்கலாம்.”

ஜெரால்டின் கண்கள் கலங்கின. மனிதகுலத்தின் மீது அவருக்கு நம்பிக்கை திரும்பியது.

“ஆனா ஞாயித்துக்கிழமை சாயந்தரந்தான் முடியும்.”

“ஏன்?”

ரேணுகா டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“நம்ம ரேணுகாவுக்கு காளையார்கோவில்ல ஒரு எடம் கூடி வந்துருக்கு சார். சனிக்கிழமை மாப்பிள்ளை வீடு பாக்கப் போறோம். நம்ம வண்டியத்தான் பாக்குறீகளே, கல்லு மேல நிக்கிது. ஒங்க வண்டிதான் அளவா, அம்சமா இருக்கு. ஆனா அவுக வீட்டுக்கு மெயின் ரோட்டுல இருந்து இடதுகைப் பக்கம் திரும்பணும். சம்பந்தி வீட்டு வாசல்ல போயி அந்த அலறு அலறினா என்ன நெனப்பாக? அதான் மொதல்ல ஹார்னப் பாத்தேன்.”

“அப்ப வைப்பரு?”

“வைப்பரு எதுக்கு சார்? சனிக்கிழமை மழை கெடையாதுன்னு செய்தியில சொல்லிட்டாகளே.” தலையைச் சொறிந்தார். ஜெரால்டின் கையிலிருந்த சாவிக்கு நேராகத் தன் கையை நீட்டினார். “ஒரே ஒரு நாளைக்கு, வண்டியக் கொஞ்சம் குடுக்குறீகளா சார்?”