மூக்கு சாரும் மாமனார் பீரோவும்

பெங்களூரில் ஒயின் குடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஒயினை எதிரே நிறுத்தி விசாரணை செய்தவர் எங்கள் மூக்கு சார் ஒருவர்தான். மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் என்னவோ இருந்தது. அந்த மூக்குக்கு முன்னால் அது எடுபடவில்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தொம்மலூரில் ரகுவின் ஃபிளாட்டில் கூடுவோம். ரெட் ஒயின் பாட்டிலைக் கன்னடப் பேப்பரில் சுற்றி வைத்திருப்பான் ரகு. என்ன வாசனை, என்ன ருசி என்று ஆளாளுக்குச் சொன்ன பிறகுதான் பேப்பரைப் பிரிக்கலாம். சென்ட், தலைக்கு எண்ணெய், ஊதுபத்தி எல்லாவற்றுக்கும் மூக்கு சார் தடை போட்டிருந்தார். ஒரு நாள் ரகுவின் மனைவி மாலா சாம்பாருக்குத் தாளித்ததற்கும் ஆட்சேபம் வந்தது.

"உங்க மூக்குக்காக நாங்க பட்டினி கெடக்கணுமா சார்?" என்றாள் மாலா.

"ஒயினை விட அது நல்லா இருக்கும்மா. அதான் தொந்தரவு."

நாங்கள் எல்லோரும் இன்டர்நெட்டில் படித்துத் தேறியவர்கள். எந்த பாட்டிலாக இருந்தாலும் பிளாக்பெர்ரி, ஓக் என்போம்.

"பிளாக்பெர்ரி சாப்ட்டிருக்கியா குரு?" என்று ரகுவை ஒரு முறை கேட்டார். பெங்களூர் வழக்கப்படி அவருக்கு எல்லோருமே குருதான்.

"இல்ல சார்."

"ஓக் மரம் பாத்திருக்கியா?"

"இல்ல சார். ஆனா எல்லா லேபிள்லயும் போட்டிருக்கும்."

அவர் வழி வேறு. ஒரு ஒயினை முகர்ந்துவிட்டு, கடைசிப் பந்தி முடிந்து கழுவிவிட்ட கல்யாண மண்டபம் என்பார். நந்தி மலைப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, டை கட்டிய ஒருவர் பயபக்தியோடு ஊற்றிக் கொடுத்தார். மூக்கு சார் கண்ணை மூடி, "இது எங்க மாமனார் பீரோ" என்றார். டை கட்டியவர் முகம் சுருங்கிவிட்டது.

"கொறை சொல்லல சார். எங்க மாமனார் ரொம்ப நல்ல மனுஷன்."

நாங்களும் மறுபடி முகர்ந்தோம். பட்டுப்புடவை, அந்துருண்டை, பிரிக்காத சந்தன சோப்பு. பார்த்தே இராத அந்த பீரோ எங்கள் எல்லோருக்கும் திறந்துகொண்டது.

பிறகு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சில மாதம் வரவில்லை. திரும்பி வந்த அன்று கிளாஸைச் சுழற்றினார், முகர்ந்தார், வெகுநேரம் யோசித்தார்.

"பிளாக்பெர்ரி," என்றார். "கொஞ்சம் ஓக்."

யாரும் சிரிக்கவில்லை. சமையலறையில் மாலா பெருங்காயம் தாளித்துக்கொண்டிருந்தாள். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல் அந்த மூக்கைக் கையோடு கொண்டுபோய்விட்டது என்று எங்களுக்குப் புரிந்தது.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "அடுத்த மாசத்துலேர்ந்து நான் எதுக்குப்பா? சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு."

ரகு தன் கிளாஸை எடுத்து முகர்ந்தான். ஜென்மத்தில் ஓக்கைத் தாண்டாதவன், திக்கித் திணறி, "சார், இது நனைஞ்ச குடை. காயாம மடிச்சு வெச்சது" என்றான்.

மூக்கு சார் நிமிர்ந்தார். "ஜென்ட்ஸ் குடையா, லேடீஸ் குடையா?"

"லேடீஸ் சார். ஹேண்ட்பேக்ல இருந்தது. கூடவே ஒரு கொய்யாப்பழம்."

"ஆங், அப்படிச் சொல்லு குரு."

அன்றிலிருந்து நாங்கள் முகர்ந்து சொல்வோம். அவர் குறுக்கு விசாரணை செய்வார். சில சமயம் நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். மூக்கு திரும்பிவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கும். அவர் மகளோடு மைசூருக்குக் குடிபோகும் வரை நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால், அவருக்காக முகர்வதை நிறுத்த வேண்டியிருக்குமே.